மண்புழுத் தொட்டிக்குள் புழுப்பாம்பு: இது உண்மையில் எதைத் தின்கிறது?

மாடித்தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளில் மண்புழு உரம் தயாரித்து மாடியிலுள்ள செடிகளுக்குப் போட்டு வருகிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் உரத்தைச் சலித்துக்கொண்டிருந்தபோது, மண்புழுக்களுக்கு நடுவே அவற்றைப் போலவே தோன்றிய, ஆனால் அவற்றைவிடப் பலமடங்கு வேகமாக நெளிந்த ஒன்றைக் கண்டேன். கையில் எடுத்த பிறகுதான் அது பாம்பு என்று புரிந்தது. பேனா ரீஃபில் அளவு நீளம், ஏறக்குறைய அதே தடிமன், எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் கரும்பழுப்பு நிறம். மண்புழுவுக்கு இருக்கும் வளையங்கள் இதற்கு இல்லை. தலை எது, வால் எது என்று பிரித்தறிய முடியாத அந்த உடலின் ஒரு முனையிலிருந்து மட்டும் நூலிழை போன்ற நாக்கு வெளியே வந்து வந்து போயிற்று. மறுமுனை என் விரலில் முள்ளைப்போல் ஒரு குத்துக் குத்தியது. காயம் எதுவும் ஏற்படவில்லை. அன்று முதல் இன்றுவரை இரு தொட்டிகளுக்குள்ளும், அவற்றைத் தாங்கும் செங்கற்களுக்கு அடியிலுமாக ஆறு பாம்புகளைப் பார்த்துவிட்டேன்.

என் அம்மா இதைப் புழுப்பாம்பு என்கிறார். தூங்குகிறவர் காதுக்குள் புகுந்துவிடும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். காதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் மண்புழுக்களைப் பற்றியது. சென்ற இரண்டு மாதங்களில் ஒரு தொட்டியில் மண்புழுக்கள் கண்கூடாகக் குறைந்துவிட்டன. இந்தப் பாம்புகள் அவற்றைத் தின்றுவிடுகின்றனவா என்ற சந்தேகத்தில் இணையத்தில் தேடினேன். மண்புழுவும் தின்னும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எறும்பு முட்டைதான் உணவு என்று வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். நேரில் கண்டவர்களோ படித்தறிந்தவர்களோ இருந்தால் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். பாம்புகளை நான் கொல்லவில்லை, கொல்லும் எண்ணமும் இல்லை.

பழைய விலங்கியல் ஆசிரியர்

வணக்கம். தாங்கள் தந்திருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் இது நம் ஊர்களில் மிகவும் பரவலாக உள்ள புழுப்பாம்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றைய அறிவியல் பெயர் இண்டோடிஃப்லோப்ஸ் பிராமினஸ். டிஃப்லோப்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குருடு என்று பொருள். நம்மவரும் சில இடங்களில் குருட்டுப் பாம்பு என்றே அழைக்கிறார்கள். கண்கள் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாக இருக்கும் அவற்றுக்கு வெளிச்சம், இருட்டு என்ற வேறுபாட்டை அறியும் அளவுக்கே திறன் உண்டு.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இதன் உணவு எறும்புகள், கரையான்கள் ஆகியவற்றின் கூடுகளில் கிடைப்பதுதான். எறும்பைப் பொறுத்தவரை முட்டை, புழுப்பருவம், கூட்டுப்புழு ஆகிய மூன்றும் இதற்கு உகந்தவை. கரையானில் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது என்பதால் முட்டையையும் இளங்கரையான்களையும் மட்டுமல்லாமல், உடல் மென்மையாக இருக்கும் வேலைக்காரக் கரையான்களையும் தின்கிறது. உங்கள் தொட்டியிலுள்ள மண்புழு இதன் இரை அன்று.

எதனால் அன்று என்பதை விளங்கிக்கொள்ள இதன் வாயைப் பார்க்க வேண்டும். பாம்பு என்றாலே தன் தலையைவிடப் பருத்த தவளையையோ எலியையோ தாடைகளை விரித்து மெல்ல மெல்ல விழுங்கும் காட்சிதான் நம் மனத்தில் எழுகிறது. சாரை, நல்ல பாம்பு போன்றவற்றின் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் இறுக்கமாக இணையாமல் நெகிழ்வான தசைநாரால் பிணைக்கப்பட்டிருப்பதால் அது சாத்தியமாகிறது. புழுப்பாம்புக்கு அந்த வசதி இல்லை. அதன் வாய், மூக்குக்குக் கீழே சற்றுப் பின்தள்ளி, சுறாவின் வாயைப் போல அடிப்புறத்தில் அமைந்த ஒரு சிறு பிளவு. மண்ணைத் துளைத்துச் செல்லும்போது வாய்க்குள் மண் புகாமல் இருக்க இந்த அமைப்பு உதவுகிறது. ஆனால் பெரிய இரையை எடுக்க உதவாது. கீழ்த்தாடையில் பல்லே கிடையாது. மேல்தாடை எலும்புகளில் மட்டும் சில பற்கள் உள்ளன. அந்த எலும்புகள் மண்டையோட்டுடன் ஒட்டிக்கொள்ளாமல் தனித்து அசையக் கூடியவை. அவை மாறி மாறி முன்னும் பின்னும் சுழன்று, பரம்புக் கட்டையால் நெல்லை வாரி இழுப்பதுபோல் இரையை வாரித் தொண்டைக்குள் தள்ளுகின்றன. அரிசி மணியளவு உள்ள எறும்புக் கூட்டுப்புழுவுக்கு ஏற்ற கருவி இது. வழுக்கிக்கொண்டு முறுகித் திமிரும் ஒரு மண்புழுவை, அதுவும் தன் தடிமனுக்கு நிகரான ஒன்றை, பிடித்து நிறுத்தவே இதனால் இயலாது.

ஒரு சிறு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பாம்பை ஐரோப்பிய அறிவியல் உலகத்துக்குக் காட்டியவர் பேட்ரிக் ரசல். சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-இல் அவர் வெளியிட்ட நூலில், விசாகப்பட்டினத்தில் கிடைத்த இதனைத் தெலுங்கில் இருதலைப் பாம்பு என்று பொருள்படும் உள்ளூர்ப் பெயரோடு குறித்திருந்தார். அதை வைத்துத்தான் பிரான்சின் தோதென் 1803-இல் அறிவியல் பெயர் சூட்டினார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பவரும் இதே ரசல்தான். ஊரில் எல்லோரும் அஞ்சும் பாம்பும், எவரும் பொருட்படுத்தாத பாம்பும் ஒரே மனிதரின் நூலில் இடம்பெற்றன என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

தேயிலைச்சரிவு

ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. நான் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மழைக்காலத்தில் வடிகால் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சிறு பாம்புகள் வெளிவருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று மண்புழுவைப் பாதி விழுங்கிய நிலையில் இருந்ததை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். மீதிப் பாதி வாய்க்கு வெளியே துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் மண்ணுக்குள் வாழும் பாம்புதான், அதுவும் பளபளப்பாகத்தான் இருந்தது, அதற்கும் கண் இருப்பதே தெரியவில்லை. அப்படியிருக்க, மண்புழுவைத் தின்னாது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியுமா?

பழைய விலங்கியல் ஆசிரியர்

அம்மா, தாங்கள் கண்டது முற்றிலும் உண்மை. ஆனால் தாங்கள் கண்ட பாம்பு வேறு. அதன் வால் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? சாய்வாக வெட்டிவிட்டதுபோல் தட்டையாகவும், தொட்டால் சொரசொரப்பாகவும், அதில் மண் அப்பிக்கொண்டும் இருந்ததா?

தேயிலைச்சரிவு

ஆம். வாலை யாரோ மண்வெட்டியால் வெட்டிவிட்டார்கள் என்றுதான் அன்று நினைத்தோம். வயிற்றுப் பக்கம் மஞ்சள் திட்டுகளும் இருந்தன. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

பழைய விலங்கியல் ஆசிரியர்

அப்படியானால் அது கேடயவால் பாம்பு. உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் குடும்பம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காட்டு மண்ணுக்கும் தோட்ட மண்ணுக்கும் உரியவை. அவற்றின் முதன்மை உணவு மண்புழுவேதான். கூம்பிய தலையால் மண்ணைப் பிளந்து, உடலின் முன்பகுதியிலுள்ள வலுவான தசைகளால் தன்னை முன்னே தள்ளிக்கொண்டு, மண்புழு செல்லும் ஆழத்துக்கே சென்று பிடிக்கும். களைப்பில்லாமல் நெடுநேரம் உழைப்பதற்கு வேண்டிய உயிர்வளியைச் சேமித்து வைக்கும் சிவப்புப் புரதம் அந்த முன்பகுதித் தசைகளில் மிகுதியாக உள்ளதை 1970-களிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். அதன் வாயும் புழுப்பாம்பின் வாயைப் போன்றதன்று. கீழ்த்தாடையிலும் பற்கள் உண்டு, மண்புழுவை ஒரு முனையில் பற்றி அங்குலம் அங்குலமாக உள்ளே இழுக்க முடியும்.

மண்ணுக்குள் வாழும் சிறு பாம்பு என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். ஒன்று மண்புழுவைத் தேடுகிறது; மற்றொன்று அதே மண்ணில் எறும்புக் கூட்டைத் தேடுகிறது. சில பொதுவான நூல்களில் புழுப்பாம்பின் உணவுப் பட்டியலில் மண்புழு இடம்பெற்றதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. மதுரைச் சமவெளியில், சிமெண்டுத் தொட்டிக்குள், ரீஃபில் அளவில் கூர்முள் வாலோடு இருப்பது கேடயவால் பாம்பாக இருக்க வாய்ப்பில்லை. விரலில் குத்திய அந்த முள்ளைப் பற்றியும் மாடித்தோட்டம் எழுதியிருந்தார்: அது கொடுக்கு அன்று, மண்ணில் ஊன்றிக்கொள்வதற்கான ஊன்றுகோல். பிடித்தவர் கையிலும் அதையேதான் செய்கிறது.

மாடித்தோட்டம்

இருவருக்கும் மிக்க நன்றி. என்னிடமும் ஒரு சிறு சான்று இருக்கிறது. முதல் நாள் பிடித்த பாம்பை ஈர உரம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குவளையில் ஐந்து மண்புழுக்களோடு இரண்டு நாள் வைத்திருந்தேன். இரண்டு நாளுக்குப் பிறகும் ஐந்து மண்புழுக்களும் குறைவில்லாமல் இருந்தன. அடைபட்ட அச்சத்தில் தின்னாமல் இருந்ததோ என்று அப்போது எண்ணிக்கொண்டேன். இப்போது காரணம் புரிகிறது.

ஆனால் எனக்கு வேறு இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. கண் தெரியாத ஒரு பாம்பு மண்ணுக்குள் எறும்புக் கூடு இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடித்து உள்ளே நுழைந்தாலும், தங்கள் குஞ்சுகளைத் தின்ன வந்த பாம்பை எறும்புகள் சும்மா விட்டுவிடுமா? ஒரு கட்டெறும்பு கடித்தாலே நமக்குக் கண்ணில் நீர் வருகிறது.

எறும்புக்காரன்

இந்த இழையில் நுழைய இதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்க்காது. பதினைந்து ஆண்டுகளாக எறும்புகளைப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவன் நான். எறும்புகளின் பக்கத்திலிருந்து இந்தப் பாம்பைப் பற்றிப் படித்தவற்றைச் சொல்கிறேன்.

எறும்புகள் சாரை சாரையாகச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். முன்னே சென்ற எறும்பு தரையில் விட்டுச்சென்ற மணத்தைப் பின்னே வருவது உணர்கொம்பால் மோந்துகொண்டே செல்கிறது. தன் இனத்தாருக்காக அது போட்டுவைத்த அந்த மணப்பாதையைப் பாம்பும் படிக்கத் தெரிந்துவைத்திருக்கிறது. நீங்கள் பார்த்த நூலிழை நாக்கின் வேலையே அதுதான். நாக்கு தொட்டெடுத்த மணத் துகள்களை மேலண்ணத்திலுள்ள தனி உறுப்பு சோதித்துச் சொல்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஒரு குருட்டுப் பாம்பு, படையெடுத்துச் செல்லும் எறும்புகளின் தடத்தைத் தொடர்ந்து செல்வதை வாட்கின்ஸ், கெல்பாக், பால்ட்ரிட்ஜ் ஆகியோர் 1967-இல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியக் குருட்டுப் பாம்புகளிலும் இதே பழக்கத்தை 1990-களின் தொடக்கத்தில் வெப், ஷைன் ஆகியோர் காட்டினார்கள். மணப்பாதை எந்தப் பக்கம் சென்றாலும் அதன் ஒரு முனையில் கூடு இருந்தே ஆக வேண்டும் அல்லவா?

கூட்டுக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே பாம்புக்கு உதவுவது முதலில் அதன் தோல். மற்றப் பாம்புகளுக்கு வயிற்றில் அகலமான பட்டைச் செதில்கள் இருக்கும். இதற்கோ உடலைச் சுற்றி இருபது வரிசைச் செதில்கள், முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவில், கண்ணாடிபோல் வழவழப்பாக, ஒன்றன்மேல் ஒன்று இறுக்கமாகப் படிந்திருக்கின்றன. எறும்பின் தாடை பற்றிக்கொள்ள ஒரு விளிம்புகூடக் கிடைக்காது. டெக்சாஸ் பாம்பு இன்னொரு தந்திரத்தையும் கையாள்கிறது: எறும்புகள் தாக்கத் தொடங்கினால் உடலைச் சுருட்டிக்கொண்டு, மலத்துளையிலிருந்து வரும் நீரையும் கழிவையும் உடல் முழுவதும் பூசிக்கொள்ளும். அந்தப் பூச்சின் வாடை எறும்புகளை விலக்குகிறது. நம் ஊர்ப் பாம்பைக் கையில் எடுத்தால் ஒரு கெட்ட வாடை வீசுவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள்.

அடுத்த பாதுகாப்பு வேகம். டெக்சாஸ் பாம்பின் குடும்பத்தில் அமைப்பு தலைகீழாக இருக்கிறது. பற்கள் கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு. அந்தக் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் இரட்டைக் கதவுபோல் உள்ளுக்குள் மடங்கி மடங்கி, நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இரையை உள்ளே வாருவதைக் கிளே, பிரைனர்டு என்ற இருவர் 1999-இல் படம்பிடித்து விளக்கினார்கள். நம் புழுப்பாம்பு ஆசிரியர் சொன்னபடி மேல்தாடையால் வாருகிறது. கருவி வேறாக இருந்தாலும் நோக்கம் ஒன்றுதான்: காவல்காரர்கள் திரள்வதற்குள் அள்ள முடிந்ததை அள்ளிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். மலைப்பாம்பு ஒரு மானை விழுங்கிவிட்டு வாரக்கணக்கில் படுத்திருக்கிறது. இது நூறு மணிகளை ஒரே மூச்சில் கொறித்துவிட்டு ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் அருங்காட்சியகங்களில் இருந்த குருட்டுப் பாம்புகளின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது பல வயிறுகள் காலியாக இருந்தன. உணவு இருந்தவற்றில் எறும்புக் குஞ்சுகள் ஏராளமாக இருந்தன. கூடு கிடைக்கும் நாளில் விருந்து, கிடைக்காத நாளில் பட்டினி என்ற வாழ்க்கை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இதுவரை சொன்னவற்றில் பல வெளிநாட்டு உறவினர்களைப் பற்றியவை. இது நம் பாம்பைப் பற்றியதே. ஜப்பானைச் சேர்ந்த மிசுனோ, கோஜிமா என்ற ஆய்வாளர்கள் அந்நாட்டில் குடியேறிய இதே பிராமினஸ் பாம்புகளுக்குக் கரையான்களை உணவாகக் கொடுத்துப் பார்த்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாம்பு கரையானைப் பின்பக்கமாகப் பிடித்து, மார்புவரை விழுங்கியதும், வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையைத் தரையில் தேய்த்து அறுத்துவிட்டு, உடலை மட்டும் விழுங்கியது. எல்லாக் கரையான்களையும் இப்படிச் செய்யவில்லை. சிலவற்றை முழுதாகவும் விழுங்கியது. அப்படி முழுதாகப் போனவற்றின் தலைகள் செரிக்காமல் கழிவில் அப்படியே வெளிவந்தன. இறால் உரிக்கும்போது நாம் தலையைக் கிள்ளிப் போடுவதைப் போன்றதுதான். பயனற்ற தலை வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்வதைத் தவிர்க்கத்தான் இந்தச் சிரமம் என்று கொள்ளலாம். பாம்புகள் இரையை முழுதாகவே விழுங்கும் என்று பள்ளிப் பாடத்தில் நாமெல்லாம் படித்ததற்கு விதிவிலக்கு உங்கள் உரத் தொட்டிக்குள்ளேயே நெளிந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு எழுதிய பிறகு ஆந்தைக் கதையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கெல்பாக், பால்ட்ரிட்ஜ் இருவரும் 1987-இல் எழுதியது: டெக்சாஸில் ஒருவகைச் சிற்றாந்தை தன் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் இரைகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றே கொண்டுவரும், குருட்டுப் பாம்பை மட்டும் உயிரோடு கொண்டுவந்து போடும். குஞ்சுகளின் அலகுக்குத் தப்பிய பாம்புகள் கூட்டின் அடியிலுள்ள குப்பைக்குள் புகுந்து, அங்கே நெளியும் பூச்சிப் புழுக்களைத் தின்று வாழ்ந்தன. பாம்பு குடியிருந்த கூடுகளில் ஆந்தைக் குஞ்சுகள் விரைவாக வளர்ந்தன, இறப்பும் குறைவாக இருந்தது. மென்மையான உடலுள்ள புழு கிடைத்தால் எறும்புக் கூட்டுக்கு வெளியிலும் இவை தின்னும் என்பதற்கு இதுவே சான்று. எனவே உங்கள் உரத்தில் எறும்பு, கரையான் தவிரச் சில பூச்சிகளின் சிறு புழுக்களும் இவற்றின் வயிற்றுக்குள் போகக்கூடும்.

வேப்பமரத்தடி

அருமையான விளக்கங்கள். ஒரு குறுக்குக் கேள்வி: எங்கள் வீட்டில் நிலைக்கதவையே கரையான் தின்றுகொண்டிருக்கிறது. நண்பரின் தொட்டியிலுள்ள ஆறு பாம்புகளையும் எங்கள் வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து விட்டால் மருந்துச் செலவு மிச்சமாகுமா?

எறும்புக்காரன்

கேட்கும்போதே ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவராது. புற்றின் ஆழத்திலிருக்கும் கரையான் அரசி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடக் கூடியவள். ஆறு பாம்புகள் அன்றாடம் வயிறு நிரம்பத் தின்றாலும் அவளுடைய காலைநேர உழைப்பைக்கூட ஈடுகட்ட முடியாது. கதவுக்கு மருந்தே அடியுங்கள். ஆனால் சுவரோரத்தில் தானாக வந்த பாம்பு இருந்தால் அதன்மேல் அடித்துவிடாதீர்கள்.

பழைய விலங்கியல் ஆசிரியர்

கரையானை ஒழிக்காது என்பது சரி. ஆனால் இதே உணவுப் பழக்கம்தான் இந்தப் பாம்பை உலகம் சுற்ற வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குப் பூந்தொட்டிப் பாம்பு என்றும் ஒரு பெயர் உண்டு. செடியோடு, வேர்மண்ணோடு கப்பலேறி ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் எனப் பரவிவிட்டது. ஹவாய்த் தீவுகளில் நிலைத்து வாழும் ஒரே நிலப்பாம்பு இதுதான். ஆண் துணையின்றிப் பெண் மட்டுமே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இனம் இது என்பதால், ஒரு தொட்டியில் ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தாலே போதும். இருப்பினும் இனப்பெருக்க வசதி மட்டும் இருந்து சாப்பாடு கிடைக்காவிட்டால் என்ன பயன்? எலியோ தவளையோ வேண்டும் என்ற பாம்பாக இருந்தால் பூந்தொட்டிக்குள் பட்டினி கிடந்து மாண்டிருக்கும். எந்த நாட்டு மண்ணைத் தோண்டினாலும் ஏதோ ஓர் எறும்பு இருக்கிறது.

மழைக்காலத்தில் இவை குளியலறைக்குள் வருவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். மண்ணுக்குள் நீர் நிறையும்போது எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிக்கொண்டு மேடான இடங்களுக்கு ஏறுவதைப் பார்க்கிறோம். நீரில் மூழ்காமல் இருக்கப் பாம்பும் மேலே வருகிறது. வரும் வழியிலேயே இரையும் இருக்கிறது. அம்மா சொன்ன காது விஷயத்துக்கும் இதுவே விடை. காதுக்குள் எறும்புக் கூடு இல்லாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

மண்புழுக் குறைவைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பாம்புகளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியாகிவிட்டது. அப்படியானால் அவை எதைத் தேடி அங்கே வந்தன என்று கேளுங்கள். ஆறு பாம்புகள் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன என்றால் அங்கே எறும்புக் கூடோ கரையானோ இருக்கிறது என்றே பொருள். மண்புழு உரத் தொட்டிக்குள் எறும்பு புகுந்தால் அது மண்புழுவைத் தாக்கும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. ஆறாத புதுச் சாணத்தைப் போட்டிருந்தாலும் அதன் சூட்டில் மண்புழு ஓடிவிடும். தொட்டியின் அடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாடித்தோட்டம்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. ஆசிரியர் சொன்னபடி, மண்புழு குறைந்த தொட்டியை மட்டும் காலிசெய்து செங்கற்களைப் பெயர்த்துப் பார்த்தேன். இரண்டாவது வரிசைச் செங்கலுக்கு அடியில் பெரிய சிற்றெறும்புக் கூடு இருந்தது. வெள்ளை வெளேரென்று புழுக்களும் முட்டைகளும் ஒரு கைப்பிடி அளவுக்குக் குவிந்துகிடந்தன. அவற்றை ஒட்டியே இரண்டு பாம்புகள் சுருண்டிருந்தன. தொட்டியின் வடிகால் துளை வழியாக எறும்புகள் உள்ளே சென்று வந்த தடமும் தெரிந்தது. இன்னொரு மூலையில், ஈரப்பதத்துக்காக நான் போட்டுவைத்திருந்த தென்னை மட்டைகளில் கரையான் ஏறியிருந்தது. நல்ல தொட்டியில் இந்த இரண்டுமே மிகக் குறைவு. புதுச் சாணம் நான் போடுவதில்லை. இருபது நாள் ஆறவிட்டுத்தான் போடுகிறேன்.

தொட்டியை இப்போது நான்கு கால்களின் மேல் ஏற்றி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிட்டேன். பாம்புகளைத் தென்னை மரத்தடியில், மட்டைக் குவியலோடும் கரையானோடும் சேர்த்தே விட்டுவிட்டேன். விடுவதற்கு முன்பு ஒன்றை மட்டும் ஈரத்துணி விரித்த வெள்ளைக் கிண்ணத்தில் ஓர் இரவு வைத்திருந்து, காலையில் அது விட்டுச்சென்ற கழிவைத் தண்ணீரில் கரைத்து, முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கடுகில் கால் பங்குகூட இல்லாத, மஞ்சளும் பழுப்புமான உருண்டைகள் ஐந்தாறு இருந்தன. மணலா, கரையான் தலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

எறும்புக்காரன்

முதல் படத்தில் இருப்பது மணல்தான். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி, இடது ஓரத்திலுள்ள உருண்டையைப் பாருங்கள்: முன்புறத்தில் ஒன்றையொன்று நோக்கி வளைந்த இரண்டு சிறு கொக்கிகள் தெரிகின்றன. அவை தாடைகள். உங்கள் தென்னை மட்டையைத் தின்றுகொண்டிருந்த வேலைக்காரக் கரையானின் தலை அது.